புதன்கிழமை அக்கா

நாற்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போய் இளைஞர் நலனும் சமூகப் பணியும் படிக்கப் போகிறேன் என்று ஒருத்தி கிளம்பினால், சொந்தபந்தம் சும்மா இருக்குமா? "உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார் அவளுடைய அண்ணன். வகுப்பிலோ, முதலாம் ஆண்டுக்காரியான அவளுக்கு 'சீனியர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள் அந்தப் பொடிசுகள். அவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

புதன்கிழமை பிற்பகல்களில் களப்பணி. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சமூகக் கூடத்தில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். இருந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் செய்யக் கூடாது, அதுதான் வேலையே! பிள்ளைகள் தாங்களாக வர வேண்டும், தாங்களாகப் பேச வேண்டும். ஏன், எதற்கு என்று குடையக் கூடாது. அங்கே அவள் எல்லோருக்கும் 'புதன்கிழமை அக்கா'. மேசைப்பந்து எங்கோ டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருக்கும். வெயில் தரையில் கால் நீட்டிப் படுத்துக் கிடக்கும். யாராவது ஒரு பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டுப் போவாள். அந்தப் பிற்பகல்கள் அவளுக்குப் பாதித் தூக்கத்தில் கழிவது போலிருக்கும்.

அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இப்படிக் கொட்டித் தீர்த்தார்கள். பெற்ற மகள்தான் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வயது. இரண்டு மாதமாக "ம்", "ம்ஹூம்", "தெரியல" என்று மூன்றே பதில். கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ் திறக்காமலேயே திரும்பி வந்தது. சீனியரும் லேசுப்பட்டவளில்லை. "விடியறதுக்கு முன்னாடி எழுந்து செஞ்சு குடுக்கறேன், அப்படியே கொண்டு வர்றியே, திமிராடி?" என்று கத்திவிடுவாள். அப்புறம் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஏன் இவள் பேச மாட்டேன் என்கிறாள் என்று மருகுவாள். கூடத்தில் இருக்கும் பொறுமை வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுகிறதே, என்ன மாயமோ!

அந்தப் புதன்கிழமை நல்ல மழை. பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். கண்ணாடிகளில் ஆவி படிந்து, கூடமே தண்ணீருக்கு அடியில் மிதப்பது போலிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள். எல்லோரையும் போலப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். நனைந்த பையை இறக்கி வைத்தாள். சீனியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள்!

"இங்க எங்கடி வந்த?" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். மகள் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா?"

அக்காவாம்! பெற்றவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தாற்போல் முட்டின.

"சொல்லும்மா," என்றாள்.

"ஸ்கூல்ல என்கூட யாரும் பேசறதில்ல. ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரும் சேர்ந்து என்னை ஒதுக்கிட்டாங்க. மதியம் மாடிப்படிக்குக் கீழ போய் உட்கார்ந்துப்பேன். பாக்ஸைத் திறந்தா, பாரு தனியா சாப்பிடறான்னு சிரிப்பாங்க. அதான் திறக்கறதே இல்ல."

எந்த வீட்டுக் கழுதைகள் அவை, இப்போதே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று சீனியருக்கு உடம்பெல்லாம் துடித்தது. ஐயோ, திமிரா என்று கேட்டோமே! மேசைக்கடியில் இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை நிதானமாகப் பெய்தது.

"வீட்ல யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. எங்கம்மா இப்பத்தான் காலேஜ் போறாங்க. பையை மாட்டிக்கிட்டு, பாடிக்கிட்டே படி இறங்குவாங்க. அவங்களை அப்படி நான் பார்த்ததே இல்ல. இதைச் சொன்னா எனக்காகக் காலேஜை விட்டு நின்னுடுவாங்க. நீங்க சொல்லிடாதீங்க அக்கா."

சொல்ல மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தை நிம்மதியாகப் போகும். ஆனால் அவள் படிக்கும் படிப்பில் முதல் வாரமே மண்டையில் அடித்தாற்போல் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

"அந்த வாக்கு நான் குடுக்க முடியாதும்மா. ரெண்டு மாசமா மதியம் பட்டினி கிடக்கிற. உங்கம்மாவுக்குத் தெரியணும். ஆனா உன்கிட்ட மறைச்சு எதுவும் செய்ய மாட்டேன்."

மகள் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் கோடு இழுத்தாள். இன்னொரு கோடு. அவசரமே இல்லை அவளுக்கு.

"திட்டுவாங்களா?"

"மாட்டாங்க."

"படிப்பை விட்டுடுவாங்களா?"

"விட மாட்டாங்க. சத்தியமா."

"அப்படின்னா சொல்லிடுங்க. எனக்குத்தான் வாய் வர மாட்டேங்குது."

சீனியர் எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து, மகள் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேன்," என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"பசிக்குதான்னு கேக்கறாங்க."

மகளின் உதடு கோணிற்று.

"பசிக்குதும்மா," என்றாள்.