காசி பதில் தரவில்லை

1

இந்தக் கதை எனக்குச் செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையில் கிடைத்தது. பக்கத்து மேசையில் மடிக்கணினியோடு இருந்த பெண், எதிரில் இருந்த தோழியிடம், "காசி செத்துட்டான்டி, எழுப்பிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நான்கைந்து விசைகளைத் தட்டினாள். பிறகு "எழுந்துட்டான்" என்றாள். காபியைக் குடித்தாள்.

முக்தி தேடி வருகிறவர்கள் நிறைந்த சாலை அது. அங்கேகூட இவ்வளவு சுலபமாக ஒருவரை உயிர்ப்பித்து நான் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சொன்னாள். அவள் சொல்லாமல் விட்டதை நான் போட்டுக்கொண்டேன். எது எதுவென்று கேட்காதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மேகங்கள் மலையை மூடியிருந்த ஒரு காலையில் தேவிப்ரியா—

அவள் வேலை கிளவுடில். கிளவுட், மேகம் என்று சிலேடை செய்யும் ஆசைதான். வெட்டிவிட்டேன்.

2

அந்தக் காபிக் கடைப் பெண்தான் தேவிப்ரியா. அவளுக்கு வேலை வேங்கிக்காலில். கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த வீடுகளில் ஒன்றின் மாடியில் 'அறைநிலா' என்ற சின்ன நிறுவனம். ஊரிலுள்ள லாட்ஜுகளுக்கு அறை முன்பதிவு செய்யும் மென்பொருளை நடத்துகிறார்கள். அதற்கான சர்வர்கள் எங்கோ தொலைவில், கிளவுடில், வாடகைக்கு ஓடுகின்றன. முதலாளி ராஜேந்திரனுக்கு எண்கள் மனதில் நிற்காது என்பதால் சர்வர்களுக்கு மனிதப் பெயர்கள் வைத்திருந்தார். தென்றல், பாஞ்சாலை, காசி. முன்பதிவு முழுக்க காசியிடம்.

தேவிப்ரியா சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை இது: சர்வர்களைக் கண்காணிக்கும் தளத்தை மூன்று இடங்களோடு இணைக்க வேண்டும். ஏதாவது ஒரு சர்வர் நின்றால் ஆபீஸ் குரூப்பில் செய்தி விழ வேண்டும். அந்த வாரம் பொறுப்பில் இருப்பவருக்குப் போன் போக வேண்டும். புகார் எழுதும் மென்பொருளில் தானாக ஒரு டிக்கெட், அதாவது புகார்ச் சீட்டு, திறக்க வேண்டும்.

அவள் அக்கறையாகத்தான் செய்தாள். போனில் பேசும் இயந்திரக் குரலைத் தமிழுக்கு மாற்றினாள். "காசி பதில் தரவில்லை. பொறுப்பேற்க ஒன்றை அழுத்தவும். மேலிடத்துக்கு அனுப்ப இரண்டை அழுத்தவும். அறைநிலா, வேங்கிக்கால்." சோதித்துப் பார்த்தாள். குரூப்பில் செய்தி விழுந்தது. டிக்கெட் திறந்தது. போன் எடுக்கப்பட்டது, ஒன்று அழுத்தப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்த வாரம் பொறுப்பு கோபிக்கு. அவன் அழுத்திவிட்டான் என்று நினைத்துச் சாப்பிடப் போனாள்.

கோபியின் எண்ணில் ஓர் இலக்கம் தவறு.

(தேவிப்ரியாவுக்கு இது பின்னால்தான் தெரியும். நீங்கள் குழம்ப வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன். மர்மக்கதை எழுத எனக்கு வராது.)

3

போன் போனது அதே வேங்கிக்காலில் இருக்கும் சந்திரகலாவுக்கு. அவர் கணவர் பெயர் காசி.

நானும் நம்பவில்லை. முதல் வரைவில் அவருக்கு முருகவேல் என்று பெயர் மாற்றினேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. திருப்பிக் காசி என்றே வைத்தேன். இந்த ஊரில் தெருவுக்கு ஒரு காசி உண்டு, நான் என்ன செய்ய.

காசி ஆட்டோ ஓட்டுகிறவர். பழைய ஆட்டோ. அது வருவது மூன்று தெருவுக்கு முன்பே கேட்கும். சந்திரகலா அவரிடம் சொல்லாமலே அதைக் கொடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் புது வண்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அது சத்தமே போடாது. அன்றிலிருந்து காசியும் சத்தம் போடவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், புது வண்டியை ஓட்டினார். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தக் குரல் வந்து காசி பதில் தரவில்லை என்றது. சந்திரகலா மிரண்டுபோனார். மேலிடம் என்றால் காசியின் அக்கா ஆதிலட்சுமியைத் தவிர வேறு யார்? அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். ஒன்றை அழுத்திவிட்டார்.

4

பௌர்ணமிக்கு முந்தைய நாள் சர்வர் காசி நிஜமாகவே நின்றுபோனது.

(சர்வர், போன், குரூப், டிக்கெட் என்று செய்தி சுற்றியதைக் கிரிவலத்தோடு ஒப்பிடலாம். கை அரிக்கிறது. ஒப்பிடவில்லை.)

குரல் சந்திரகலாவை அழைத்தது. அவர் பொறுப்பேற்றார். உடனே ஆபீஸ் குரூப்பில் "கோபி பொறுப்பேற்றுக்கொண்டார்" என்று விழுந்தது. எல்லோரும் நிம்மதியாக வேறு வேலையைப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால் கோபியும் அதைப் படித்தான். தான் எப்போது அழுத்தினோம் என்று ஒரு கணம் யோசித்தான். இயந்திரம் பொய் சொல்லாதே, பழக்கத்தில் அழுத்தியிருப்போம், அநேகமாகச் சரிசெய்தும் இருப்போம் என்று அவனும் விட்டுவிட்டான்.

லாட்ஜுகளிலிருந்து அழைப்புகள் குவிந்தன. ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு ஒரு மேலாளர் கத்திக்கொண்டிருந்தார். ராஜேந்திரன் இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு, பார்த்துட்டிருக்காங்க, பார்த்துட்டிருக்காங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் பார்க்கிறார்கள் என்று தேவிப்ரியா எழுந்து கேட்கப்போன நேரத்தில், மாடிப்படி ஏறி மூச்சிரைக்க ஓர் அம்மாள் வந்து நின்றார்.

"காசியப் பத்தி போன் பண்றது யாருங்க?"

ராஜேந்திரன் திரும்பாமலே சொன்னார். "பாத்துட்டிருக்காங்கம்மா. ஒருத்தர் பொறுப்பு எடுத்துட்டாரு."

"அது நான்தாங்க."

ராஜேந்திரன் திரும்பினார். சந்திரகலா தொடர்ந்தார். "நானும் எவ்ளோதான் பாக்கறது. சோறு துன்றாரு, தூங்கறாரு. பேச மட்டும் மாட்றாரு. நீங்க சும்மா போன் பண்ணா ஆச்சா? யாராவது ஒருத்தர் வந்து இன்னான்னு கேளுங்க."

தான் போட்ட எண் தவறு என்று தேவிப்ரியாவுக்குப் புரிந்தது. உடனே உட்கார்ந்து சர்வரை மறுபடி இயக்கினாள். காசி எழுந்தது. முன்பதிவுகள் வரிசையாகத் திரும்பின.

ராஜேந்திரன் அவளைத் திட்ட வாயெடுத்தார். குரூப்பை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "எல்லாரும்தான் பாத்தோம். யாரும் பாக்கல" என்றார். ஆனாலும் அவள் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது.

5

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன்: தேவிப்ரியா எண்ணைத் திருத்தினாள், சந்திரகலா சிரித்தபடி—

அவர் சிரிக்கவில்லை. கொடுத்த தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். தேவிப்ரியா மன்னிப்புக் கேட்டாள். எண்ணை எடுத்துவிடுவதாகவும் இனி அழைப்பு வராது என்றும் சொன்னாள்.

"எடுத்துடுவியா?" என்றார் சந்திரகலா. பிறகு மெதுவாக, "அவரு பேசலன்னு எங்க வூட்ல யாரும் கேக்கல பாப்பா. என் பொண்ணுகூட, அப்பா எப்பவும் பேச்சு கம்மிதானேன்னுட்டா. உன் போனு ஒண்ணுதான் கேட்டுச்சு."

தேவிப்ரியா திரைப்பக்கம் திரும்பினாள். ஒரு புது டிக்கெட் திறந்தாள். பெயர்: காசி (மனிதர்). குறை: பேசவில்லை. பாதிக்கப்பட்டவர்: ஒருவர். ஒருவர்தான் என்பதால் 'அவசரமில்லை' என்று மென்பொருள் தானாகப் போட்டது. அவள் அதை 'அவசரம்' என்று மாற்றினாள்.

6

அவள் இணைப்புகளை நன்றாகத்தான் செய்திருந்தாள். தீராத டிக்கெட்டைத் தினமும் காலையில் குரூப்பில் நினைவூட்டியது இயந்திரம். காசி (மனிதர்) இன்னும் பேசவில்லை. யாருக்கும் அதை அழிக்க மனம் வரவில்லை. கோபி காந்தி சிலையிலிருந்து காசியின் ஆட்டோவில் ஏறி வந்து டிக்கெட்டில் குறிப்பு எழுதினான்: "வண்டி அருமை என்றேன். முறைத்தார்." கணக்கு பார்க்கும் பூஜா எழுதினாள்: "பழைய வண்டியைப் பற்றிக் கேட்டேன். ஓரமாக நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஓட்டவில்லை." ராஜேந்திரனே ஒருநாள் காரை வைத்துவிட்டு ஆட்டோவில் வந்தார். அவர் எழுதியது ஒரே வரி: "பழைய வண்டியை யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்கிறார்."

தேவிப்ரியா அதைச் சந்திரகலாவுக்குப் போனில் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். அவரும் காசியும் அவலூர்பேட்டைக்குப் போய்ப் பழைய வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார்களாம். வாங்கியவன் நன்றாக வைத்திருக்கிறானாம். திரும்பும் வழியில் காசி பேசிவிட்டார் என்றார். என்ன சொன்னார் என்று தேவிப்ரியா கேட்டாள். சந்திரகலா சிரித்தார். சொல்லவில்லை.

7

அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதிப் பார்த்தேன்.

"உன்மேல கோவம் இல்ல. சொல்லாம செஞ்சியேன்னுதான்—" இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்தவர் அத்தனை நாள் பேசாமல் இருந்திருக்க மாட்டார்.

"புது வண்டியும் பரவால்ல." இது வண்டிக் கம்பெனிக்காரன் எழுதியது போலிருக்கிறது.

"சந்திரா." இதில் நான் அழுதுவிட்டேன். அதனாலேயே நம்பவில்லை.

தேவிப்ரியாவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியாது. எனவே இந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் கடைசியாக இப்படி ஒரு மௌனம் உடைந்தபோது முதலில் காதில் விழுந்தது எதுவோ, அதையே இங்கே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது சாப்பாட்டைப் பற்றித்தான் இருந்திருக்கும்.