பொத்தி வைத்த நாலு செல்

ஃபோட்டோ அக்காவிடம் ஒரு குணம் உண்டு. கடைக்காரர் ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதை வாங்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. இந்தக் குணத்தால் அதுவரை பெரிய கேடு எதுவும் அவளுக்கு வந்ததில்லை. வந்திருந்தால் அந்தத் தையல்காரர் விஷயத்தில் கொஞ்சம் நிதானித்திருப்பாளோ என்னவோ.

தையல்காரர் அவளுடைய ஸ்டுடியோவுக்கு வந்தது மகளின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். முப்பது வருடம் மேஜைக்கு முன்னால் நின்றபடியே துணி வெட்டிய மனிதர். போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தாயில்லாத பெண்ணுக்கு இப்போது கல்யாணம். எந்த ஆல்பம், எத்தனை பக்கம் என்றெல்லாம் மகள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் வாயைத் திறந்தார்.

"நீ ஆயிரம் படம் எடுத்துக்கோம்மா. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நான் நிக்கணும், எம் பொண்ணு பக்கத்துல நிக்கணும்."

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோ அம்மாவின் கைத்தாங்கலில் அப்போது பத்து எண்ணும்வரை நிற்க முடிந்தது அவருக்கு. கல்யாணத்துக்குள் இருபது ஆகிவிடும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். இரண்டாம் தடவை முயன்றால் கால் மடங்கிவிடும். விழுந்தால் ஊர் பார்க்கக்கூடாது என்பதால் கூட்டம் சேருவதற்கு முன்பு மண்டபத்தின் பக்கத்து அறையில் எடுப்பதாக முடிவாயிற்று. மாப்பிள்ளைகூட அங்கே இருக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் பெரியவர்.

இருபது எண்ணுவதற்குள் நாலைந்து படமாவது எடுத்தாக வேண்டும். ஃப்ளாஷுக்குப் போட அக்காவிடம் இருந்த, சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பழைய பேட்டரி செல்கள் ஆறு வருடம் உழைத்தவை. ஒருமுறை ஃப்ளாஷ் அடித்தால் அடுத்ததற்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஏழெட்டு நொடி எடுக்கும். புதிதாக வாங்குவது என்று முடிவு செய்து, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடைக்காரர் இரண்டு வகை செல்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்றின்மேல் கொள்ளளவு இரண்டாயிரம் என்று போட்டிருந்தது, இன்னொன்றின்மேல் இரண்டாயிரத்து எண்ணூறு. பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார் அவர். சின்ன எண் செல்லை ஏற்றி வைத்தால் வருடம் கழித்து எடுத்தாலும் முக்கால்வாசி இருக்குமாம். பெரிய எண் செல் ஏற்றிய சூட்டோடு பயன்படுத்தினால் சிங்கம், சும்மா வைத்தால் நாளுக்கு நாள் தானாகவே வடிந்துவிடுமாம். சார்ஜரிலும் அப்படித்தான், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிதானமாக ஏற்றுகிற எட்டு மணி நேரச் சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கால் மணி நேரத்தில் ஏற்றுகிற சார்ஜர் செல்லைச் சுட்டெடுத்துவிடும், அதில் அடிக்கடி போட்டால் செல்லின் ஆயுசு போய்விடும் என்றும் சொன்னார்.

வீட்டுக்காரர் தலையாட்டினார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டாயிரத்து எண்ணூறு கண்ணெதிரே இருக்கும்போது யாராவது இரண்டாயிரத்தைத் தொடுவார்களா? விற்காமல் தேங்கிப்போன சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று வீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தாள். பெரிய எண் செல்லையும் கால் மணி நேரச் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் ஏற்றிப் பார்த்தபோது அவள் நினைத்ததுதான் சரி என்று தோன்றியது. படபடவென்று அடித்தது ஃப்ளாஷ். இரண்டு நொடிக்குள் பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு எரிந்து, அடுத்ததற்குத் தயார் என்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி ஏற்றி, சூடு ஆறியதும் நாலையும் ஒரு டப்பாவில் போட்டு, மேலே 'தையல்காரர்' என்று எழுதிப் பையின் அடியில் வைத்தாள். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கடைசி நேரத்தில் கரண்ட் போய்த் தொலைந்தால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. அந்த நாலு செல்லை வேறு எந்த வேலைக்கும் தொடுவதில்லை, அந்த ஒரு படத்துக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டாள். நடுவில் வந்த வேலைகளையெல்லாம் பழைய செல்களை வைத்தே ஒப்பேற்றினாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டுக்காரர் கேட்டார், அதை மறுபடி ஒரு தடவை சார்ஜரில் போட்டால் என்னவென்று. நிரம்பின குடத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று மடக்கிவிட்டாள். அடிக்கடி போட்டால் ஆயுசு போய்விடும் என்று கடைக்காரரே சொன்னாரே என்றாள். அவர் சொன்னதில் தனக்குத் தோதான பாதி மட்டும் அவளுக்கு நினைவிருந்தது.

அந்த அறையில் ஜன்னல் ஒன்றுதான், அதுவும் சின்னது. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்ட கைவைத்த நாற்காலியில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். தானே அளவு சொல்லி, பழைய சிநேகிதரிடம் தைத்து வாங்கிய வெள்ளைச் சட்டை. மகள் அலங்காரம் முடிந்து பக்கத்தில் நின்றாள். பிசியோ அம்மா அவருக்குப் பின்னால் குனிந்து, இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா டப்பாவைத் திறந்து செல்களைப் போட்டு, வெளிச்சம் பார்க்க ஒருமுறை அடித்தாள். நன்றாக விழுந்தது. தலையசைத்தாள்.

தையல்காரர் எழுந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, மகளைவிட ஒரு சாண் உயரமாக நின்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எண்ண ஆரம்பித்தாள்.

அக்கா ஃப்ளாஷின் முதுகைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை.

மூன்று என்றாள் மகள். நாலு. ஐந்து. அக்காவின் இடுப்புப் பையில் பழைய செல்கள் நாலு இருந்தன. மாற்ற அவள் கைக்குப் பத்து நொடி போதும். ஆனால் இவை புதியவை ஆயிற்றே, இதோ அடுத்த நொடி எரிந்துவிடும் என்று நினைத்தாள். எட்டு வந்தபோதும் அதையேதான் நினைத்தாள். பன்னிரண்டில் அவள் கை இடுப்புப் பைவரை போய்த் திரும்பியது. பதினைந்தில், இனி மாற்ற நேரமில்லை என்று தெரிந்துபோயிற்று. இருக்கிற ஜன்னல் வெளிச்சமாவது விழட்டும் என்று ஷட்டரை மெதுவாக்கி, ஃப்ளாஷ் இல்லாமலே ஒரு தடவை அழுத்தினாள்.

இருபது வந்தது. அவர் உட்காரவில்லை. போதும்ப்பா என்று மகள் சொல்லியும் நின்றார். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. முழங்கால் மடங்க, பிசியோ அம்மா அப்படியே தாங்கி நாற்காலியில் இறக்கினார்.

அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

பெரியவரின் முகமெல்லாம் வேர்வை. மூச்சு வாங்க, "வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

வந்தது என்று சொல்லிவிடலாம். கார்டு கெட்டுப்போயிற்று, கம்ப்யூட்டர் அழித்துவிட்டது என்று பத்து நாள் கழித்துச் சப்பைக்கட்டு கட்டலாம். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கட்டாத கட்டு இல்லை. அக்காவுக்கு அந்த நினைப்பு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வேர்வையைப் பார்த்துக்கொண்டு அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"வரலைங்க ஐயா. ஃப்ளாஷ் அடிக்கல. மூணு வாரத்துக்கு முன்னாடி ஏத்தி வச்ச செல்லு. நேத்து ஏத்தியிருக்கணும். தப்பு என்மேலதான்."

இன்னொரு தடவை முடியுமா என்று பெரியவர் பிசியோ அம்மாவைப் பார்க்க, அவர் கண்ணாலேயே மறுத்துவிட்டார். அறைக்கு வெளியே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கடைசியாக ஏதோ அழுத்தினாயே, அதைக் காட்டு என்றார் தையல்காரர்.

அக்கா கேமராவை அவர் மடியில் வைத்தாள். மங்கலான படம். மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணிய மகள் அசையாமல் நின்றதால் ஓரளவு தெளிவாக விழுந்திருந்தாள். நடுங்கிக்கொண்டு நின்ற அவரோ வெள்ளையாக ஒரு தீற்றல், அவ்வளவுதான். மகள் கேமராவைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"ஒரு வருஷமா இவ என்னைக் குனிஞ்சுதான் பாத்திருக்கா," என்றார். "இதையே பெருசா போட்டுக் குடும்மா. எனக்கு இது போதும்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழைத்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது அவளுக்கு. மனசு அப்படித்தான், ஒதுங்க இடம் கிடைத்தால் உடனே ஒதுங்கிக்கொள்ளும். பழைய செல்லை மாற்றிப் போட்டு, அவர் உட்கார்ந்திருக்க மகள் பக்கத்தில் நிற்கிற படங்களை எடுத்தாள். எல்லாம் பளிச்சென்று விழுந்தன. பிசியோ அம்மா அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றி, மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

மகள் மட்டும் பின்தங்கினாள். கதவைப் பாதி சாத்திவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள். அலங்காரம் கலையக்கூடாது என்று அழுகையை அடக்கி வைத்திருந்தது தெரிந்தது.

"அப்பா போதும்னுட்டார். அவருக்கு வேண்டியது அதுல இருக்கு. எனக்கு வேண்டியது அவர் முகம்க்கா. நின்னப்போ அவர் முகம் எப்படி இருந்துச்சுன்னு பின்னாடி நான் பாக்கணும். அது அதுல இல்லை."

அக்கா வாயைத் திறந்தாள். மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள் என்று தோன்றவும் மூடிக்கொண்டாள். வெளியே மணப்பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணோரத்தை விரல் நுனியால் ஒற்றிக்கொண்டு போனாள். அக்கா கேமராவை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள், இன்னும் ஆயிரம் படம் எடுக்க வேண்டியிருந்தது.