ஐந்து வருஷத்தில் சூரியன்

பல்பைப் பார்த்ததும் சம்பூர்ணத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்டில், மூன்று வருஷமாக அவள் உடம்பைக் கொடுத்து நிறுத்திய இயந்திரத்தின் தலைக்கு மேலே புத்தம்புது பல்பு ஒன்று தொங்கியது. கல்யாணப் பந்தலில் கட்டுவதுபோல அதைச் சுற்றிச் சரிகைக் காகிதம் வேறு.

"இது எதுக்கு சடையப்பா?"

சடையப்பன் பழவேற்காட்டுக்காரன். ஆய்வுக்கூடத்தின் எலக்ட்ரீஷியன். அவன் தலையைச் சொறிந்தான்.

"டைரக்டர் ஐயாதாம்மா மாட்டச் சொன்னாரு. மிஷினு அடிச்சதும் எரியணுமாம். ரயில் பொட்டிங்கள்ல மாட்டுவாங்களே, அந்த பல்பு."

"எதுலேர்ந்து எரியும்?"

அவன் இயந்திரத்தின் பின்பக்கம் பார்த்தான். அங்கே ஒரு சாக்குப் படுதா. சம்பூர்ணம் அதை விலக்கினாள். உள்ளே இரண்டு லாரி பேட்டரிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

இயந்திரம் என்று சொன்னாலும் பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றிச் செம்புச் சுருள், சுவரோரம் அலமாரி அலமாரியாகக் கண்டென்சர்கள். கண்டென்சர்களில் மின்சாரத்தை மெல்ல மெல்ல நிரப்பி, கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்குள் சுருளில் பாய்ச்ச வேண்டும். குழாயில் இருக்கும் வாயு நசுங்கிக் கொதித்து வெளிச்சமாக வெடிக்கும். அந்தச் சூட்டில் அணுவும் அணுவும் சேர்ந்தால் சக்தி பிறக்கும். சூரியன் எரிவதும் அப்படித்தான். ஆனால் அவளுடைய குழாயில் பிறந்தது, உள்ளே கொட்டியதோடு வைத்துப் பார்த்தால், ஒரு பானைச் சோற்றில் ஒரு பருக்கைகூட இல்லை. போட்டதற்கு மேல் எடுத்தவர் அன்றுவரை உலகத்தில் எங்குமே இல்லை. எத்தனையோ கோடி செலவழித்த நாடுகளிலும் இல்லை.

அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. கல்கத்தாவிலிருந்து எளாவூர் வழியாக லாரியில் வந்த கண்டென்சர்களில் பாதி, எண்ணெய் கசிந்துபோய் இறங்கியபோதும் அவள் உட்கார்ந்து அழவில்லை. உள்ளூரில் செய்து வாங்கியவை வெடித்து ஷெட் முழுவதும் புகை மண்டியபோதும் அழவில்லை. திருத்தினாள். மறுபடி நிறுத்தினாள். குழாயின் வாயில் கசிந்த காற்றை அடைக்க மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று. இயந்திரம் அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. முடியாதபோது முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

டைரக்டர் லோகநாதன் தன் அறையில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த பேட்டரி எதுக்கு?"

"கதவைச் சாத்துங்க முதல்ல."

அவள் சாத்தவில்லை. "எதுக்கு சார்?"

"பாருங்க சம்பூர்ணம், இதுவரைக்கும் பணம் போட்ட ஆலை முதலாளி இந்த மாசத்தோட கையை விரிச்சிட்டாரு. இன்னைக்கு பணம் ஒதுக்கறதுக்குப் பார்க்க வர்ற தில்லிக் குழு திருப்தியாப் போகலேன்னா நாளைக்கு இந்த ஷெட்டுக்கு வாடகை கொடுக்க ஆளில்ல. பெட்ரோல் விலை ஏறிக் கிடக்கு. ஊர் முழுக்க மின்வெட்டு. இப்ப கேட்டாத்தான் கொடுப்பாங்க. வர்றவங்களுக்கு பிசிக்ஸ் தெரியாது. ஒரு வெளிச்சம் பார்த்தாத்தான் நம்புவாங்க."

"குழாயிலேயே வெளிச்சம் வருதே."

"அது வந்தது தெரியறதுக்குள்ள போயிடுதும்மா. யார் கண்ணு அதைப் பிடிக்கும்?"

"இது திருட்டு சார்."

அவர் டையை இழுத்துச் சரிசெய்தார். "சரி, எடுத்துடச் சொல்றேன். போய்க் கண்டென்சரைக் கவனிங்க."

அவள் நம்பினாள். மூன்று வருஷம் அவரோடு வேலை பார்த்தவள் நம்பியிருக்கக் கூடாது.

பதினோரு மணிக்கு தில்லிக் குழுவோடும் ஆலை முதலாளியோடும் இரண்டு கார்கள் வந்தன. அவற்றின் பின்னாலேயே ஒரு லாரி. லாரியிலிருந்து வெள்ளை வேட்டிகளாக இறங்கியவர்களைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாரும் திருப்பாச்சூர்க்காரர்கள், அவள் ஊர் விவசாயிகள். முன்னால் வந்தது அவள் அண்ணன் செங்கல்வராயன்.

"நீ எங்க அண்ணா இங்க?"

"ஒங்க டைரக்டருதான் ஆளனுப்பிச்சாரு. நீ ஒரு வார்த்த சொல்லல பாத்தியா!" அவன் முகம் மலர்ந்து கிடந்தது. "பம்பு செட்டுக்கு கரண்டு இல்லாம நாத்து கருகிக்கினு கீது. அஞ்சு வருசத்துல நம்ம தாலுக்கா முச்சூடும் இங்கேர்ந்தே கரண்டாமே? எந்தங்கச்சி செய்யறாடான்னு ஊர்ல சொல்லி இட்டாந்துட்டேன்."

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று லோகநாதன் அவள் கூடப்பிறந்தவனையே கூட்டி வந்திருக்கிறார்.

அவள் உள்ளே ஓடியபோது எல்லாரும் ஷெட்டில் நிறைந்துவிட்டார்கள். சரிகைக் காகிதத்தைக் காணோம். பல்பு அங்கேயேதான் தொங்கியது. சாக்குப் படுதாவும் இருந்தது. லோகநாதன் அவளைப் பார்த்துப் புன்னகை செய்து, பொத்தானைக் காட்டினார்.

குழாயின் வெளிச்சத்தையாவது ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று சம்பூர்ணம் அழுத்தினாள்.

வேட்டுப் போட்டதுபோல ஒரு சத்தம். குழாய்க்குள் வெள்ளையும் ஊதாவுமாக ஏதோ ஒன்று இருந்தது, இல்லை என்று ஆயிற்று. அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லாருடைய கண்ணும் மேலே எரிந்த பல்பில் இருந்தது. திருப்பாச்சூர்க்காரர்கள் கை தட்டினார்கள், குழுவினரும் சேர்ந்து தட்டினார்கள். ஒரு பெரியவர் பல்பைப் பார்த்துக் கும்பிட்டார். ஆலை முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரு பல்பு," என்றார் லோகநாதன். "ஐந்து வருஷத்தில் இவங்க தாலுகாவின் அத்தனை பம்ப் செட்டும்."

கும்பிட்ட அந்தக் கைகளைப் பார்த்ததும் சம்பூர்ணத்துக்குள் ஏதோ அறுந்தது. நேராகப் போய்ச் சாக்குப் படுதாவைப் பிடித்து இழுத்தாள். அது கயிற்றோடு கிழிந்து வந்தது.

"இதோ பாருங்க! பேட்டரி! லாரி பேட்டரியில எரியுது அது!"

தட்டிய கைகள் நின்றன. பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒயரைப் பிடுங்கினாள்.

"இந்த மிஷின் ஒரு யூனிட் கரண்டுகூடத் தராது. திங்கத்தான் திங்கும். இன்னும் ரொம்ப வருஷத்துக்கு அப்படித்தான். எத்தனை வருஷம்னு சொல்ல எனக்குத் தெரியாது, எவனுக்கும் தெரியாது. தெரியும்னு சொல்றவன் பொய் சொல்றான். ஆனா இதைச் செய்யணும். செய்யாம எப்படித் தெரியும்? அதுக்குத்தான் காசு கேக்கறோம். கொடுக்கறதா இருந்தா அதுக்குக் கொடுங்க!"

லோகநாதன் ஆங்கிலத்தில் என்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டபடி விருந்தினர்களை வெளியே அழைத்துப் போனார்.

குழுவில் நரைத்த தலைமுடியோடு ஒருவர் இருந்தார். காரில் ஏறப் போனவர் அவளிடம் திரும்பி வந்தார். அவரும் தமிழர்தான்.

"பேட்டரின்னு எனக்குத் தெரியும்மா. குழாயில ஒளி அணைஞ்சப்புறமும் பல்பு எரியுதே, குழந்தைக்குக்கூடத் தெரியும். இதைவிடப் பெரிய நாடகமெல்லாம் பார்த்திருக்கோம். பேசாம இருந்திருந்தா பணத்துக்கு நாங்க எழுதிக் கொடுத்திருப்போம். நீங்களும் நிஜமான வேலையைத் தொடர்ந்திருக்கலாம். இப்ப எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்க. நாங்க எப்படிக் கொடுக்கிறது?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்காகவே அவரை அறையலாம்போல இருந்தது அவளுக்கு. "தெரிஞ்சே கை தட்டினீங்களா?" என்றாள். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் புதுவாயல் முனையில் அண்ணனைப் பிடித்தாள். லாரி டீக்கடை ஓரம் நின்றது. ஊர்க்காரர்கள் அவளைக் கண்டதும் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"வராத," என்றான் செங்கல்வராயன். "ஊர்ல நா எப்படிமே தல நிமுந்து நடப்பேன்? ஒரு பொய்ய சொல்லி எல்லாரையும் இஸ்துகினு வந்தேன்னு காறித் துப்புவானுங்க."

"பொய் சொன்னது நானா? அந்த ஆளு உன்னை ஏமாத்தினான்!"

"ஏமாத்திட்டுப் போறான்! எனுக்கு அஞ்சு வருசம் ஒரு நெனப்பாவது இருந்திருக்கும். நீ அத்தயும் பிடுங்கிட்ட. உம்மேல போட்ட டப்பு தண்டமா போச்சுன்னு நா சொன்னனா? உன்ன படிக்க வச்சதுக்கு என்னிக்காவது கணக்கு கேட்டனா? நாலு பேரு முன்னால வாய மூடிக்கினு இருக்கத் தெரீல உனுக்கு."

"உன் நாத்து கருகுது. அதுல ஒருத்தன் குளிர் காயறான். நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணுமா?"

"பேஜாரு பண்ணாத, போ!"

லாரி போய்விட்டது. சம்பூர்ணம் கையை இறுக்கி மூடியபடி ரோட்டில் நின்றாள். பொய் சொன்னவன் மேல் அங்கே ஒருவருக்கும் கோபமில்லை. இருந்த கோபமெல்லாம் அவள் மேல்தான்.

தில்லியிலிருந்து பணம் வரவில்லை. லோகநாதன் மட்டும் வடக்கே ஒரு பெரிய நிலையத்தில் பதவியோடு போய்ச் சேர்ந்தார். ஆராய்ச்சி முறையை நவீனமாக்குகிற வேலையாம், அதற்கென்று அவருக்கு அங்கே கார் வேறு கொடுத்தார்களாம். ஷெட்டை மின்விசிறி செய்கிற கம்பெனி ஒன்று எடுத்துக்கொண்டது. கண்டென்சர்களைப் பழைய சாமான் வியாபாரிக்குப் பேசி முடித்தார்கள். வியாபாரியின் லாரி வரவேண்டிய அன்று காலையில் சடையப்பனும் அவளும் மட்டும் ஷெட்டில் இருந்தார்கள்.

வாசலில் நிழலாடியது. செங்கல்வராயன். சட்டையெல்லாம் சேற்றுத் தெறிப்பு. வயலிலிருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறான்.

"எல்லாத்தையும் எட்த்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

அவன் உள்ளே வந்து இயந்திரத்தைச் சுற்றி நடந்தான். "அன்னிக்கு நா மேலதான் பாத்தேன். நெசமா இன்னாதான் நடக்குது இதுல? காட்டு."

முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரை வந்தது. பிறகு சடையப்பனைப் பார்த்துத் தலையசைத்தாள். கதவுகளைச் சாத்தி, கண்டென்சர்களை நிரப்பினார்கள். அவனைக் கம்பி வலைக்கு இப்பால் நிறுத்தி, "குழாயை மட்டும் பாரு, கண்ணைச் சிமிட்டாத," என்றாள்.

இருட்டில் சத்தம் வெடித்தது. குழாய் முழுவதும் ஊதா, அதன் நடுவில் நூல்போல ஒரு வெள்ளை. இருந்தது. இல்லை.

செங்கல்வராயன் கம்பி வலையோரம் குனிந்து குழாயைத் தேடினான்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அந்த வெள்ளக் கோடுதான் சூரியனா?"

"சூரியனோட மேல்தோலைவிடச் சூடு அது. நாம செஞ்சது. இந்த ஷெட்டுல."

"திரும்ப அடி."

மறுபடியும் நிரப்பினாள். மறுபடியும் அடித்தாள். மூன்றாம் தடவையும் கேட்டான். மூன்றாவதில், சரிசெய்து சரிசெய்து ஓட்டிய கண்டென்சர் ஒன்று உள்ளேயே செத்து, எண்ணெய் நாற்றம் கிளம்பியது. சடையப்பன் கதவைத் திறந்துவிட்டான். வெளிச்சத்தில் அண்ணனின் முகம் சிவந்திருந்தது.

"இத்தயே காட்டியிருக்கலாமே அந்த டைரக்டரு!" என்று கத்தினான். "எங்கள இன்னான்னு நெனச்சான்? பல்பு காட்னாத்தான் புரியும்னா? நாங்க வெதச்சிட்டு காத்துக்கினு கீறவனுங்க இல்லியா? இந்த வருசம் பொய்ச்சா அடுத்த வருசம் வெதைக்கிறதில்லியா?"

இத்தனை நாளும் சம்பூர்ணம் ஒருத்தியாகக் கட்டி இழுத்த கோபம் இன்று இன்னொரு ஆள் வாயில் வந்தது.

வெளியே வியாபாரியின் லாரி ஹாரன் அடித்தது. இரண்டு கூலியாட்கள் உள்ளே வந்து கண்டென்சர் பக்கம் கையை நீட்டினார்கள்.

"தொடாதீங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் அவர்கள் பின்வாங்கினார்கள். "உள்ள கரண்டு நிக்குது. செத்துப் போவீங்க."

தரையிணைப்புக் கோலை எடுத்து ஒவ்வொரு கண்டென்சராகத் தொட்டு, அதில் மிச்சமிருந்ததைப் பட் பட்டென்று இறக்கினாள். அவசரப்படவில்லை. வியாபாரி வாசலில் நின்று முணுமுணுத்தான். செங்கல்வராயன் அவனை ஒரு பார்வை பார்த்தான்.

"அவ முடிக்கட்டும். அதுவரிக்கும் நில்லு."