பதினோராம் பாகத்தில் விட்டுப்போனவள்

தை மாதம் பாதி கடந்தும் பெரியம்மாவிடமிருந்து போன் வராதது காளீஸ்வரிக்கு முதலில் உறைக்கவில்லை. கோவில்பட்டி தாலுகா ஆபீசுக்கு எதிரே அவள் வைத்திருக்கும் டைப்பிங் சென்டரில் அந்த வாரம் நல்ல கூட்டம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, மக்காச்சோளத்துக்குப் பயிர்க் காப்பீடு வரவில்லை என்று மனு. ஊர்க் குறைகளையெல்லாம் மரியாதையான தமிழில் அடித்துக் கொடுத்துவிட்டு, ஆள் வராத நேரத்தில் அதே கீபோர்டில் தன் தொடர்கதையை அடிப்பாள். ஒரு கதைச் செயலியில் வாரம் ஒரு பாகம்.

இதுவரை அவள் எழுதியதெல்லாம் குடும்பக் கதைகள். கோபித்துக்கொண்டு போகும் கணவன், திரும்பி வரும் கணவன், நடுவில் ஒரு மாமியார். இந்த முறைதான் பேய்க்கதை. பதினாலு பாகம் ஆகியிருந்தது. நாற்பதாயிரம் பேர் வாசித்திருந்தார்கள். பேய் என்ற பெயரில் நம் வீடுகளின் அழுக்கைக் காட்டிவிட்டீர்கள், கிராமத்துத் தாய்மார்களின் மூடத்தனத்தைத் தோலுரித்துவிட்டீர்கள் என்று வாசகிகள் எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் அவள் இரண்டு தரம், மூன்று தரம் படித்தாள். கணவன் ஆறுமுகசாமி தீப்பெட்டி ஆலையில் மிஷின் பார்ப்பவன். அவன் மட்டும் இந்தத் தொடரை வீட்டில் வைத்துப் படிப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நாலு பேர் நடுவில் உட்கார்ந்து படித்துவிட்டு வருவான். "ஏட்டி, பேய்கூடப் பரவால்ல. அத எழுதுனவ கையால காப்பி வாங்கிக் குடிக்கத்தான் பயமா இருக்கு" என்பான்.

அந்தப் பேய் காளீஸ்வரியின் பெரியம்மா மகள் இசக்கிசெல்வி.

செல்வி இறந்து பதினாறு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகாமல் போன பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது அவர்கள் குடும்ப வழக்கம். தை கடைசி வெள்ளியன்று உள் அறையில் ஓர் ஓலைப்பெட்டியைத் திறந்து, புதுத் துணி, வளையல், பொட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று வீடே வெளியே காத்திருக்கும். முந்தின வருடத் துணியை அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி உடுத்திக்கொள்வாள். மற்ற வீடுகளில் பாவாடை தாவணி வைப்பார்கள். செல்விக்குத் தாவணி ஆகாது, காலேஜுக்குப் போன பிள்ளை, அதனால் சுடிதார். அதைக் கோவில்பட்டிக் கடையில் பார்த்து எடுத்துக்கொண்டு போவது காளீஸ்வரியின் பொறுப்பு. பொங்கல் முடிந்த கையோடு பெரியம்மா சுந்தரம்மாள் போன் போட்டு, இந்த வருசம் என்ன கலர் எடுக்கலாம் என்று கேட்டுவிடுவாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கேட்பது போலவே கேட்பாள். போன வருசத்தது கை ரொம்ப இறுக்கம், பிள்ளைக்குச் சேராது என்றுகூட ஒரு தடவை குறை சொன்னாள்.

இந்த வருடம் அந்தப் போன் வரவில்லை. காளீஸ்வரியே கூப்பிட்டபோது எடுத்தவள் பிரித்திகா. செல்வியின் அண்ணன் செல்வகணேஷின் மகள், எட்டாம் வகுப்பு. அத்தை கதை எழுதுகிறாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறவள்.

இந்தத் தடவை கும்பிடு கிடையாதென்று ஆச்சி சொல்லிவிட்டதாகப் பிரித்திகா சொன்னாள். உள் அறையைப் பூட்டிவிட்டாளாம். அந்தப் பக்கம் போவதே இல்லையாம். முன் அறையில் லைட்டை அணைக்காமல் படுக்கிறாளாம். அப்பா கேட்டதற்கு மேலுக்குச் சுகமில்லை என்றாளாம். பிறகு பிள்ளை பெருமையாகவே சொன்னாள்.

"உங்க கதைய நாந்தான் அத்தை ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன். பதினாலு பாகமும் கேட்டாவ. பதினொண்ண மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாவ."

காளீஸ்வரி போனை வைத்தாள். மனுவுக்கு வந்த ஒருவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

பதினோராம் பாகத்தில்தான் அந்தப் பெண் சாகிறாள். வயிற்று வலியும் வாந்தியுமாகக் கிடக்கும் மகளைப் பார்த்துத் தாய்க்குச் சந்தேகம் வருகிறது. உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று, உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்திக் கஷாயம் கொடுக்கிறாள். இரண்டு நாள் கழித்து, தெரிந்தவர் யாரும் இல்லாத ஊருக்குக் காரில் கொண்டுபோகிறார்கள். வழியிலேயே மகளின் உடல் சில்லிட்டுப் போகிறது. குடல்வால் வெடித்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். பன்னிரண்டாம் பாகத்திலிருந்து அந்த மகள் பச்சைச் சுடிதாரில் ஓலைப்பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து வருகிறாள். தாயைத் தேடி வருகிறாள்.

இதில் பெரும்பகுதி நடந்தது. கார் திருநெல்வேலி ரோட்டில் கயத்தாறைத் தாண்டும்போது செல்வி அடங்கிப்போனதும், அன்று அவள் போட்டிருந்த பச்சைச் சுடிதாரும், டாக்டர் சொன்ன வார்த்தையும் அப்படியே நடந்தவைதான். ஓர் இடத்தில் மட்டும் காளீஸ்வரி கைவைத்திருந்தாள். சந்தேகம் தாய்க்கு வரவில்லை. டிகிரி முடித்துவிட்டுப் பெரியம்மா வீட்டில் பத்து நாள் தங்க வந்திருந்த இருபத்திரண்டு வயதுக் காளீஸ்வரிதான், அடுப்படியில் வைத்து, செல்வி காலேஜ் பஸ்ஸில் ஒரு பையனோடு பேசுகிறாள், இப்போது வாந்தியும் எடுக்கிறாள், எதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பெரியம்மாவின் காதில் போட்டாள். மாவு பிசைந்துகொண்டிருந்த பெரியம்மாவின் கை நின்றுபோனது. அதுவரை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதைக்காக மாற்றினேன் என்று எழுதும்போது காளீஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேய்க்கதையென்றால் பேய் தேடி வருவதற்கு ஓர் ஆள் வேண்டும். தாய் என்றால் வாசகிகள் நடுங்குவார்கள். அது சரியாகவே இருந்தது, நடுங்கினார்கள்.

மறுநாள் சென்டரைப் பூட்டிவிட்டு இடைசெவலுக்குப் பஸ் ஏறினாள். கையில் ஒரு மஞ்சள் சுடிதார். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம் அறுத்த தட்டை காய்ந்து நின்றது. பெரியம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டே போனாள். எழுத்துப் பழகியவளுக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை.

சுந்தரம்மாள் வாசலில் முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. எப்போதும் போல, வா, சாப்பிட்டியா என்று கேட்டாள். உள்ளே கூட்டிப்போகவில்லை. மகன் வேலைக்கும் மருமகள் களத்துக்கும் போய்விட்டதாகச் சொன்னாள். துணிப்பையைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல முறத்தைத் தட்டினாள். காளீஸ்வரி பேச்சைத் தொடங்குவதற்குள் அவளே தொடங்கிவிட்டாள்.

"அவ எம்மேல கோவமா இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சேட்டி. பதினாறு வருசமா ஒண்ணும் தெரியாம சோறு வச்சுட்டு இருந்திருக்கேன்."

அது வெறும் கதை, நானாக எழுதியது, அதில் உண்மையே கிடையாது என்று காளீஸ்வரி பதறினாள். பெரியம்மா தலையை ஆட்டினாள். படித்த பிள்ளைகள் நாலையும் தெரியாமல் எழுதுவார்களா என்று கேட்டாள். முன்பெல்லாம் உள் அறைக்குப் போனால் வாசலில் நின்று, ஏட்டி செல்வி, அம்மை வாரேன் என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைவாளாம். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்பது போல இருக்கிறதாம்.

"பெத்த பிள்ளையப் பாத்துப் பயப்படுதேன். இப்படியும் ஒருத்தி உண்டுமா?"

காளீஸ்வரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் கட்டிய வாக்கியங்கள் எதையும் எடுக்கவில்லை.

"பெரியம்மா, அந்த வார்த்தைய நாந்தான சொன்னேன். அடுப்படியில வச்சு. நான் சொல்லாட்டா நீங்க அன்னைக்கே அவளக் கூட்டிட்டுப் போயிருப்பீய."

சுந்தரம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதுதான் காளீஸ்வரியை உலுக்கியது.

"எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சியாக்கும்" என்றாள்.

மறக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. செல்வகணேஷிடம் சொன்னால் தங்கச்சி என்று பார்க்க மாட்டான், முகத்தில் முழிக்க மாட்டான். இவள் அப்போது கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை. இரண்டு வீட்டுப் போக்குவரத்து நின்றுவிடும். அதனால் பழியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். செத்த வீட்டில் அவள் புருஷன் அவளைக் கேட்ட கேள்விக்கெல்லாம், ஆமா, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு என்று ஒரே பதிலைச் சொன்னாள். அந்த மனுஷன் போய்ச் சேரும்வரை அவளோடு சரியாகப் பேசவே இல்லை. இதையெல்லாம் சுந்தரம்மாள் குரல் உயர்த்தாமல், யாரோ ஒருத்தியின் கதை போலச் சொன்னாள்.

"வருசா வருசம் துணி எடுத்துட்டு ஓடியாருவியே. அதப் பாத்து, பிள்ள மனசுக்குள்ள வச்சு மருகுதான்னு நெனச்சேன். அது போதும்னு இருந்துட்டேன்." முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டே கேட்டாள். "கதையில உன்ன எங்கனட்டி வச்சிருக்க?"

கதையில் ஒரு சித்தி மகள் வருகிறாள். எல்லாம் முடிந்த பிறகு வெளியூரிலிருந்து ஓடி வருகிறாள். அவள் மட்டும்தான் செத்தவளுக்காக உண்மையாக அழுகிறாள். வரப்போகும் பாகங்களில் பேயைச் சாந்தப்படுத்தப் போகிறவளும் அவள்தான்.

"நல்லவளா வச்சிருக்க" என்று பெரியம்மாவே சொல்லிக்கொண்டாள். பிரித்திகா வாசித்ததில் அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

தொடரை இன்றைக்கே அழித்துவிடுகிறேன், பெரியம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லாமல் எடுத்துவிடுகிறேன் என்று காளீஸ்வரி அழுதாள். சுந்தரம்மாள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

"எம் பங்க எடுக்காண்டாம். ரெண்டு நாளு கதவச் சாத்தி வச்சது நாந்தான். அது நெசம். உம் பங்கையும் சேத்து எழுது. ரெண்டு பேரையும் அவ பாத்துக்கிடட்டும்."

துணிப்பையை வாங்கி, பிரித்துப் பார்க்காமல், கதவோரமாக வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். எப்போது போனாலும் இன்னும் ஒரு நேரம் இருந்துவிட்டுப் போ என்று கையைப் பிடித்து இழுக்கிறவள்.

பதினைந்தாம் பாகத்தை எழுத காளீஸ்வரிக்கு ஐந்து நாள் பிடித்தது. அதில் பேய் இல்லை. ஓர் அடுப்படி, மாவு பிசைகிற ஒருத்தி, அவள் காதருகே குனிகிற இன்னொருத்தி. குனிந்தவளுக்குக் காளீஸ்வரி தன் சொந்தப் பெயரையே வைத்தாள். ஏன் சொன்னாள் என்று எழுத வேண்டிய இடத்தில் வெகுநேரம் கை ஓடவில்லை. அக்கறையில் சொன்னாள் என்று அடித்துவிட்டு அழித்தாள். அறியாமையில் என்று அடித்து, அதையும் அழித்தாள். செல்விக்கு இரண்டு ஜடை இருந்தது, பஸ்ஸில் பேச ஒரு பையன் இருந்தான். தனக்கு மூன்று வருடக் காலேஜில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அதைத்தான் எழுதினாள். ஆறுமுகசாமி படித்துவிட்டு ஒரு கேலியும் சொல்லவில்லை. போட்டுரு என்றான். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

வாசகிகளுக்குப் பிடிக்கவில்லை. பேய் எங்கே என்று கேட்டார்கள். கதை திசை மாறிவிட்டது என்றார்கள். ஒருத்தி மட்டும், எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காளி இருந்தாள், இன்றுவரை மன்னிக்கவில்லை என்று எழுதியிருந்தாள். அதற்குக் காளீஸ்வரி பதில் போடவில்லை.

கடைசி வெள்ளியும் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போகிற தைரியமும் அவளுக்கு இல்லை. சென்டரில் உட்கார்ந்து ஒரு கிழவருக்கு முதியோர் பென்ஷன் மனு அடித்துக்கொண்டிருந்தபோது பிரித்திகாவிடமிருந்து போன் வந்தது. ஆச்சி காலையிலேயே உள் அறையைத் திறந்துவிட்டாள், அவளே கூட்டிப் பெருக்கினாள், எல்லாம் வைத்துக் கும்பிட்டாயிற்று என்றாள். இந்தத் தடவை ஆச்சி வெளியே காத்திருக்கவில்லையாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாளாம். ஒரு மணி நேரம் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

"பயப்படலையா ஆச்சி?"

"இல்ல அத்தை. சிரிச்சுட்டுதான் வந்தாவ."

காளீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். போன் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் பிள்ளை மூச்சு விடுவது கேட்டது. பிறகு, பதினைந்தாம் பாகத்தையும் ஆச்சிக்குத் தான்தான் வாசித்துக் காட்டியதாகச் சொன்னாள்.

"அதுல வார காளீஸ்வரி, சும்மா பேருதான அத்தை? நீங்க இல்லல்லா?"

எதிரே கிழவர், அடித்துக்கொண்டிருந்த மனு பாதியில் நிற்பதைப் பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"நாந்தான்ம்மா" என்றாள் காளீஸ்வரி.

"சரி, வைக்கேன்" என்றாள் பிரித்திகா. அத்தை என்று சொல்லவில்லை.