முப்பத்தைந்து ரூபாய் ஸ்டவ்

கோதண்டம், சென்னையை ஒட்டிய பாடியில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டியவன். அந்த வேலையை விட்டுவிட்டு அம்பத்தூரில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, மூன்று ஆட்களை வைத்து மண்ணெண்ணெய் ஸ்டவ் செய்தான். எழுபத்து நாலில் தகட்டு விலை ஏறியதும் தொழில் கையைக் கடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மனைவி நாகவல்லி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஆவடியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். கோதண்டம் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"வெலய ஏத்துனா வாங்க மாட்றான் வல்லி. எறக்குனா நமக்குக் கட்டல. எந்த வெலயில வெச்சா லாபம் நல்லா நிக்கும்? நீ போட்டுச் சொல்லு."

"எந்த வெலைக்கு எத்தன போச்சு?"

"இருவத்தெட்டுல மாசம் நாப்பத்திநாலு. முப்பதுல நாப்பது. முப்பத்திரண்டுல முப்பத்தாறு. தகடு, சாமான் மட்டும் ஒண்ணுக்கு அடக்கம் இருவது ரூவா."

விலை ஒரு ரூபாய் ஏறினால் இரண்டு ஸ்டவ் குறைகிறது. விலையை x என்று வைத்தாள். விற்பது 100 − 2x. ஒன்றில் லாபம் நிற்பது x − 20. பெருக்கி, வர்க்கமாக்கி எழுதினாள்: 450 − 2(x − 35)². வர்க்கம் பூஜ்யமாக இருந்தால்தான் கழிபடுவது ஒன்றுமிராது.

"முப்பத்தஞ்சு," என்றாள். "ஒரு ரூவா ஏத்துனாலும் கம்மி, எறக்குனாலும் கம்மி. அதுதான் உச்சம்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நாகவல்லி அடுத்த வரியை எழுதினாள். ஷெட் வாடகை, கரண்ட், மூன்று பேர் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதம் அறுநூறு. நானூற்றைம்பதில் அறுநூறு போகாது. உச்சத்திலேயே நூற்றைம்பது நஷ்டம். மற்ற எந்த விலையும் அதைவிட மோசம்.

அவன் மல்லிகைப்பூவும் மிக்சரும் வாங்கிக்கொண்டு திரும்பினான். ஒரு வருடமாக அந்த முகத்தில் அவள் பார்க்காத சிரிப்பு. தாளை மடித்து விடைத்தாள்களுக்கு நடுவில் வைத்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

பதிமூன்று நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, அவள் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது, பாடியிலிருந்து பழைய சூப்பர்வைசர் ஜெயராமன் ஷெட்டுக்கு வந்தார்.

"உன் எடம் காலியா கீது கோதண்டம். மாசக் கடைசிக்குள்ள வந்துடு. அப்புறம் வேற ஆளப் போட்டுருவாங்க."

கோதண்டம் சிரித்தான். "இனிமே இன்னாத்துக்கு சார்? எங்க ஊட்ல கணக்கு போட்டு வெலய முடிவு பண்ணிட்டாங்க." அவள் பக்கம் திரும்பினான். "நீ இன்னா சொல்ற வல்லி?"

தகடு வெட்டிக்கொண்டிருந்த துலுக்கானம் நிமிர்ந்தான். "டீச்சரம்மா கணக்கு தப்புமா அண்ணாத்தே?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சொல்ல வாயெடுத்தாள்.

"உங்க இஷ்டம்," என்றாள்.

அந்த மாதம் சரியாக முப்பது ஸ்டவ் விற்றது. அடுத்த மாதமும் முப்பது. கணக்கு எங்கேயும் தப்பவில்லை. ஐப்பசியில் ஒரு ஆளை நிறுத்தினான், கார்த்திகையில் இன்னொருவனை. ஆள் குறைந்ததில் செய்யும் ஸ்டவ்வும் குறைந்தது. தை பிறந்ததும் ஷெட்டைக் காலி செய்தான். துலுக்கானம் தன் கத்தரியைத் துணியில் சுற்றிக்கொண்டு, இரண்டு பெண்களையும் எப்படிக் கரையேற்றுவது என்று யாரிடமும் கேட்காமல் போனான்.

வெறும் தரையில் உட்கார்ந்திருந்த கோதண்டத்திடம் நாகவல்லி அந்த ஞாயிற்றுக்கிழமை மடித்து வைத்த தாளை நீட்டினாள். நூற்றைம்பது நஷ்டம் என்ற கடைசி வரியை அவன் விரல் வைத்துப் படித்தான்.

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

"சாரு வந்தப்பவும்?"

"தெரியும்."

"அதுக்குத்தானே உன்னக் கேட்டேன்," என்றான்.

பாடியில் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டிருந்தான். கோதண்டம் அதே தொழிற்சாலை வாசலில் லாரியிலிருந்து தகடு இறக்கும் கூலிக்குப் போனான். சாயங்காலம் வந்து கூலியை அரிசிப் பானைமேல் வைப்பான். அவள் போட்டதைச் சாப்பிடுவான். அதன்பிறகு அவன் அவளை ஒன்றும் கேட்டதில்லை.