ஊசிக்குள் ஒரு துளி

முனியாண்டியின் மனைவி பஞ்சாலை சரியாகத் தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அதனால் திங்கட்கிழமை காலை, மலேசியாவின் கோலா பிலாவில் அவள் துப்புரவு வேலை செய்யும் பல் கிளினிக்கின் பின்னறையில் நர்ஸான மிஸி ஷாமினி குப்பைப் பாடத்தை ஆரம்பித்தபோது, சொற்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்டன. மஞ்சள் பை, ரத்தம் பட்ட பஞ்சுக்கு. கறுப்புப் பை, சாதாரணக் குப்பைக்கு. பல் அடைக்கும் வெள்ளிக் கலவையின் மிச்சத்துக்கு இறுக்கி மூடிய போத்தல். அதில் பாதரசம் இருக்கிறது. சாக்கடையில் விட்டால் ஆற்றுக்குப் போய், மீனுக்குள் புகுந்து, ஒருநாள் நம் தட்டுக்கே வந்து சேரும்.

"மிஸி, இதுக்குப் பரீட்சை இருக்கா?" என்றாள் கவுண்டரில் இருக்கும் கிளாரிஸ்.

"இருக்குலா. பெயிலானா ஒரு மாசத்துக்கு நீதான் தொட்டி கழுவணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சாலை சிரிக்கவில்லை. அவள் மனம் வீட்டில், முனியாண்டியின் குதிகாலில் இருந்தது.

அவள் புருஷன் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டுகிறவன். போன வாரம் ஒரு முள் பூட்ஸைத் துளைத்து, குதிகாலுக்குள் போய் ஒடிந்துவிட்டது. தோட்டத்தில் முள்ளுக்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஊக்கால் கிளறி எடுத்துவிடுவார்கள். ஆனால் ஊக்கு மொக்கை. வெள்ளிக்கிழமை மதியம் கிளினிக்கில் கூட்டும்போது, நாற்காலிக்கு அடியில் மூடி போட்ட ஊசி ஒன்று கிடந்தது. தலைமுடிபோல் மெல்லிசு. இவ்வளவு கூரான ஊசியை வீணாக்குவதா என்று கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனாள். கொதிக்கும் நீரில் முக்கினாள். அன்று மாலை ஆறு மணிக்கு அதைக் கொண்டு கிளறினாள். பாதி முள் வந்தது, கூடவே ரத்தமும்.

முனியாண்டி தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் மரக்கட்டையில் வளர்க்கும் கொட்டாத சின்னத் தேனீயின் புளிப்புத் தேனைப் புண்மேல் தடவிக்கொண்டான். அவன் தேனை நம்பியதில் தப்பில்லை. தேனுக்குத் தீராத தாகம் உண்டு. தன்னைத் தொடும் கிருமியின் உடம்பிலிருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். கிருமி வற்றிச் சுருங்கும். புண்ணின் ஈரம் கலக்கக் கலக்க, கிருமியைக் கொல்லும் மருந்து ஒன்றும் அதிலிருந்து மெல்லச் சுரக்கும். போன வருஷம் அவன் முழங்கையில் பட்ட வெட்டு தேனில்தான் ஆறியது. ஆனால் அது வாய் திறந்த வெட்டு. முள் குத்திய துளையின் வாய் கடுகைவிடச் சின்னது. ஒரே நாளில் மூடிக்கொண்டது. தேன் வாசலிலேயே நின்றுவிட, உள்ளே அரை முள்ளைச் சுற்றிச் சீழ் கோத்தது. ஞாயிறன்று குதிகால் பழுத்த பழம்போல் சிவந்து, சூடாக இருந்தது.

"இங்க பாருங்க," ஷாமினியின் குரல் நெருங்கி வந்தது. கையில் அதே மாதிரி ஊசி. "தையல் ஊசி வெறும் கம்பி. இது குழாய். வெளிய தொடச்சாலும், சுடுதண்ணில முக்கினாலும், உள்ள ஒரு துளி ரத்தம் நின்னுக்கும். அந்த ரத்தம் யாரோடது, அவருக்கு என்ன நோயி, யாருக்குத் தெரியும்?"

பஞ்சாலை அந்த ஊசிக்குள் நுழைந்துவிட்டாள். நீளமான வெள்ளிப் பாதை, விடிகாலைப் பனியில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே போவதுபோல். சத்தமே இல்லை. அவள் நடந்துகொண்டே இருந்தாள். பாதை முடியுமிடத்தில் சிவப்பாக, உருண்டையாக, ஒரு துளி. முகம் தெரியாத யாரோ அதற்குள் உட்கார்ந்து அவளையே பார்த்தார்கள்.

"குத்திட்டா மறைக்காதீங்க. ரத்தத்துல வர்ற எச்.ஐ.வி.க்கு, மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா தடுக்கலாம். அதுக்கப்புறம் பிரயோஜனமில்ல."

அவள் விரல் மடித்து எண்ணினாள். வெள்ளி மாலை ஆறு. இப்போது திங்கள் காலை பத்து. எட்டு மணி நேரம்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில் முள் என்று மட்டும் சொன்னால் முள்ளுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். ஊசியைச் சொன்னால் வேலை போய்விடும்.

"மிஸி... கிளினிக்ல குத்தல, வீட்டுல குத்துனா?"

"வீட்டுல ஏது அக்கா இந்த ஊசி?"

"நான்தான் எடுத்துட்டுப் போனேன். அவரு கால்ல முள்ளு எடுக்க."

கிளாரிஸ் கடித்த பிஸ்கட்டை மெல்லாமல் நின்றாள். ஷாமினி கார்ச் சாவியை எடுத்தாள்.

கார் லயத்து வாசலில் நின்றதும் முனியாண்டி முறைத்தான். "முள்ளுக்கு ஆஸ்பத்திரியா? வேலை வாங்குற மண்டோர் கேட்டா காறித் துப்புவான்."

"துப்பட்டுங்க. ஏறுங்க," என்றாள் பஞ்சாலை.

வழியில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊரான் வாய்ல போட்ட ஊசியவா என் கால்ல விட்ட?"

"ஆமாங்க."

"யாரு வாயின்னாச்சும் தெரியுமா?"

"தெரியாது."

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான், "இப்ப மணி என்னா?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் முகுந்தன் குதிகாலைக் கீறித் திறந்து, கறுத்த முள்நுனியை எடுத்து, சீழைக் கழுவினார். டெட்டனஸ் ஊசி போட்டார், ரத்தம் எடுத்தார். "ஆபத்து கம்மிதான். ஆனா இல்லன்னு சொல்ல முடியாது. இருபத்தெட்டு நாள் மாத்திரை. நடுவுல நிறுத்தக் கூடாது. அப்புறம் திரும்ப ரத்தம் பாக்கணும்."

"நம்ம கட்டைத் தேனு தடவலாமா டாக்டர்?" என்றான் முனியாண்டி.

"இப்பத்தான் புண்ணு தெறந்திருக்கு, இப்ப தேன் உள்ள போகும். ஆனா உங்க கட்டைத் தேன் வேணாம். கிருமி இல்லாம சுத்தம் பண்ண தேன் எங்ககிட்டயே இருக்கு."

ஒரு மணி இருபதுக்கு முனியாண்டி முதல் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்கும்வரை பஞ்சாலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நடையில் ஷாமினி நிரப்ப வேண்டிய ஒரு பாரத்தோடு காத்திருந்தாள். "அக்கா, நடந்தத எழுதணும். ஊசி தரையில கெடந்தது எங்க தப்பு, அத எழுதிட்டேன். எடுத்தது யாருன்னும் கேக்குறாங்க." பேனா அசையாமல் நின்றது. "உங்கள வேலைக்கு அனுப்புற துப்புரவுக் கம்பெனிக்கும் ஒரு காப்பி போகும்."

"எழுதுங்க மிஸி," என்றாள் பஞ்சாலை. "அவரு மாத்திரைய முழுங்கிட்டாரு."