மேலிருந்து முதல் பிழை

ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைத்த கையோடு ஜெயசித்ரா கணினியையும் துடைத்தாள். திரை, விசைப்பலகை, மேசைக்கடியில் தூசி படிந்த வயர்கள் எல்லாம் முடிந்த பிறகும் கை ஓயவில்லை. கீழே கடையில் அவள் கணவன் காளிராஜ் விசைத்தறி உதிரிபாகங்களை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தான். தன்னுடைய கருவி மட்டும் உள்ளே அழுக்காக இருக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியது. கணினியை இயக்கும் லினக்ஸ் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அப்டேட்டுக்குச் சரி சொன்னாள். அதன் உட்கருவான கெர்னல் புதிதாக வந்து இறங்கியது. பட்டியலில் அதே பெயரில் பழைய கெர்னல்களும் நின்றன. போன வருஷக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றுவதுபோல அவற்றை ஒவ்வொன்றாக அழித்தாள். நிச்சயமாகவா என்று திரை ஒருமுறை கேட்டது. நிச்சயமாகத்தான் என்று அழுத்தினாள். கணினியை அணைத்தபோது மனம் நிறைந்திருந்தது.

காளிராஜ் மேலே வந்து எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தான். கணினியின் பின்னால் துருத்திக்கொண்டிருந்த கட்டைவிரல் அளவு யூஎஸ்பி வைஃபை அடாப்டரையும் அவன் விடவில்லை. பூஜையில் வைத்த பொருளை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துத் தொடங்குகிற வேலை நல்லபடியாக நடந்தால் வருஷம் முழுக்க நடக்கும்.

அவளுக்கும் ஒரு வேலை காத்திருந்தது. விஜயதசமி மாலை நாலு மணிக்கு மாதிரி வகுப்பு. கைபேசியில் கூடாது, கணினியில்தான் எடுக்க வேண்டும். சென்னையில் ஓர் இணைய டியூஷன் நிறுவனம் எட்டாம் வகுப்புக் கணக்குக்கு ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருந்தது. இருந்தது ஒரே இடம். அவள் வகுப்பு எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். மகன் பிறந்தபோது பள்ளிக்கூட வேலையை விட்டவள் அவள். இப்போது அவன் விடுதியில் படிக்கிறான். “கடையில வந்து உக்காந்து பில்லு போடேன், பொழுதும் போகும்” என்று காளிராஜ் அடிக்கடி சொல்லுவான். அன்பாகத்தான் சொல்லுவான். அந்த அன்புக்கு மறுப்புச் சொல்ல ஒரு வலுவான காரணம் அவளிடம் இதுவரை இருந்ததில்லை. இந்த வகுப்புதான் அந்தக் காரணம்.

காலையில் கணினியைப் போட்டாள். திரை வந்தது, வைஃபை குறி வரவில்லை.

“குங்குமம் உள்ள போயிட்டோ?” காளிராஜின் முகம் சுருங்கியது. அடாப்டரைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்க்கத் தொடங்கினான். “நான் வேற அள்ளி அப்பிட்டேன் பாரு.”

அவன் தேய்ப்பதை ஜெயசித்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். குங்குமம் என்றே இருந்துவிடட்டும் என்று ஒரு கணம் மனம் சாய்ந்தது. சாமி விஷயம், யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் தான் அழித்த பட்டியல் அவள் கண்முன் வந்து நின்றது. கணினியின் அடித்தளம்தான் கெர்னல். இந்த அடாப்டரோடு பேச அதற்கு டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். கடையில் வாங்கிய அன்றே அது பழைய கெர்னலுக்கென்று கட்டப்பட்டது. அந்தக் கெர்னலை அவள்தான் தூக்கி எறிந்திருந்தாள். இல்லையென்றால் பழையதிலேயே கணினியைத் திறந்து இன்றைய பொழுதை ஓட்டியிருக்கலாம்.

“குங்குமம் இல்லைங்க. நாந்தான் சுத்தம் பண்ணுதேன்னு தேவையானதையும் சேத்து அழிச்சுட்டேன்.”

பல்துலக்கி நின்றது. அவனுக்கு நிம்மதிதான் முதலில் வந்தது. “அப்போ அருணைக் கூப்பிட்டிருவோம். நீ விடு, நான் பாத்துக்கிடுதேன்.”

அருண்பாண்டியன் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். இந்த அடாப்டரை விற்று, வீட்டுக்கே வந்து டிரைவர் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். காளிராஜ் தன் பட்டன் போனில் ஸ்பீக்கரைப் போட்டதும் அறை முழுக்க மேளச் சத்தம் நிறைந்தது.

“ஏலே அருணு, எங்கன இருக்க?”

“அண்ணாச்சி, இன்னைக்கு ஏலேன்னு சொல்லாதிய. காளி வேஷம் கட்டியிருக்கேன். குலசை தசராவுக்கு வேன்ல போய்க்கிட்டிருக்கோம்.”

காளிராஜ் சட்டென்று நிமிர்ந்து நின்றுகொண்டான். “தாயே, மன்னிச்சிரு. இங்கன வைஃபை வரமாட்டேங்கு.”

“மதினிகிட்ட குடுங்க. மதினி, ரெண்டு கையும் பெயிண்டு, மிச்ச ஆறும் அட்டைக் கை. வேன் டிரைவர் அண்ணன்தான் போனைக் காதுல வச்சிருக்காரு. என்ன பண்ணுனிய?”

அவள் சொன்னாள். “ஐயையோ, பழசையும் அழிச்சாச்சா?” என்று காளி கூவினாள். அதற்குள் மேளம் உயர்ந்தது. “நாளைக்கு சாயங்காலம் வந்து பாக்கேன் மதினி. இன்னைக்கு ஒண்ணும் தொடாதிய, இன்னும் கெட்டிரும்!”

அழைப்பு அறுந்தது.

தொடாதே என்ற சொல் அவளுக்குள் வெகு நேரம் நின்றது. டிரைவர் போட வந்த அன்று அருண் இதே நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புத் திரையில் ஏதேதோ அடித்தான். அவள் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்க ஆசையிருந்தது. பால் பொங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பால் அப்படி ஒன்றும் பொங்கவில்லை. தெரிந்துகொண்டால் பிறகு தானே செய்ய வேண்டியிருக்குமே என்ற பயம்தான். தவறாகப் போனால் அது தன் தவறாகிவிடும். தெரியாது என்று சொல்லிவிட்டால் அந்தக் கவலை இல்லை. அந்த இடத்தில் அவள் இத்தனை வருஷம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள்.

“கம்ப்யூட்டரைக் கீழ கடைக்குக் கொண்டுபோயி நெட்டு பெட்டியில கேபிள் மாட்டிருவமா?” என்றான் காளிராஜ்.

“கேபிள் சொருகுத இடந்தான் அன்னைக்கு இடி இடிச்சப்பவே போயிட்டுல்லா? அதுக்குத்தான இந்த அடாப்டரு.”

தன் கைபேசியை யூஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்தாள். இணையம் வந்தது, போனது, மறுபடி வந்தது. கைபேசியின் சார்ஜர் துளை ஆடிப்போயிருந்தது. வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் நின்றது.

“இதை இப்படியே பிடிங்க. அசையக்கூடாது.”

காளிராஜ் பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். “வேணும்னா கிளாஸ் முடியுத வரைக்கும் நான் இப்படியே பிடிச்சிருக்கேன்.”

“ஒரு தும்மல் போட்டியன்னா என் கிளாஸ் போச்சு.”

“அதுவுஞ் சரிதான்” என்று சொல்லும்போதே மூக்கைச் சொறிந்தான். இணைப்பு அறுந்தது. அவள் திரும்பிப் பார்த்த பார்வைக்கு அவன் மறுபடி சிலையானான்.

புதிய கெர்னலுக்கான துணைக்கோப்புகளை முதலில் இறக்கினாள். அருண் விட்டுப்போன டிரைவர் மூலக் கோப்புறை இன்னும் இருந்தது. அதில் இருந்த குறிப்பைப் படித்து, அது சொன்ன கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தாள். வரிகள் ஓடின. பிறகு திரை முழுக்கப் பிழைகள் கொட்டின.

“பாத்தியா, அவன்தான் தொடாதன்னு சொன்னாம்லா? எந்திரி, டீயாவது போடு, யோசிப்போம்.”

அவள் பாதி எழுந்துவிட்டாள். கால்கள் தாமாகவே அடுக்களைப் பக்கம் திரும்பின. அதைக் கண்டதும் அவளுக்குத் தன் கால்கள் மீதே கோபம் வந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

“நீங்க போடுங்க. இப்போ வயரைப் பிடிக்க வேண்டாம்.”

அவன் போனான். அடுக்களையில் எந்த டப்பாவில் சீனி என்று கேட்டான். அது அவள் காதில் விழவில்லை.

அவ்வளவு பிழைகளையும் பார்த்தபோது பரீட்சைத் தாள் திருத்திய நாட்கள் நினைவுக்கு வந்தன. பிள்ளையின் விடை தப்பாக இருந்தால் கடைசி வரியை உற்றுப்பார்த்துப் பயனில்லை. மேலிருந்து வரவேண்டும். எந்த வரியில் முதலில் வழுக்கியதோ அதுதான் தப்பு. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அந்தத் தப்பைச் சுமந்துகொண்டு வந்த பாவப்பட்ட வரிகள். வகுப்புக்கு வகுப்பு இதைச் சொல்லியிருக்கிறாள். தன் விஷயத்தில் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

திரையை மேலே, மேலே உருட்டினாள். முதல் பிழை ஒரே வரி. டிரைவர் ஒரு வேலையைப் பழைய பெயரால் கூப்பிடுகிறது. புதிய கெர்னலில் அந்தப் பெயரே இல்லை. அவ்வளவுதான். எதுவும் உடையவில்லை. அடாப்டரும் சாகவில்லை, கணினியும் கெடவில்லை. டிரைவர்தான் பழசாகிவிட்டது.

காளிராஜ் டீயோடு வந்தான். “வயரு” என்றாள். அவன் தம்ளரை வைத்துவிட்டு ஏந்திக்கொண்டான். அந்த ஒரு வரியை அப்படியே தேடுபொறியில் போட்டாள். எங்கோ யாரோ இதே அடாப்டரோடு இதே வரியில் முட்டி நின்றிருந்தார்கள். அதற்குக் கீழேயே வேறொருவர் டிரைவரின் புதிய பதிப்பு இருக்கும் இடத்தைச் சொல்லியிருந்தார். அதை இறக்கினாள். இனி கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர் தானே தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும்படி நிறுவலாம் என்று அதன் குறிப்பில் இருந்தது. முன்பு அருண் அப்படிச் செய்யவில்லை. அவள் அப்படியே செய்தாள்.

வரிகள் ஓடின. இந்த முறை நிற்காமல் ஓடின. கடைசி வரிக்குப் பிறகு வெறும் கர்சர் மட்டும் மினுக்கியது. பிழை என்ற சொல்லே இல்லை. குங்குமக் கறை போகாத அடாப்டரைச் சொருகினாள்.

நீல விளக்கு மினுங்கியது. திரையின் மூலையில் வைஃபை குறி வந்து உட்கார்ந்தது.

“விடுங்க வயரை” என்றாள்.

“விட்டா போயிருமே.”

“போகாது. விடுங்க.”

அவன் மெதுவாகக் கையை எடுத்தான். குறி அப்படியே இருந்தது. “ஏட்டி!” என்று அவன் கத்தியதில் கீழே கடை வாசலில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். ஜெயசித்ரா சிரித்தாள். பலமாக, வெட்கமில்லாமல் சிரித்தாள். ஆடை படிந்த டீயை எடுத்துக் குடித்தாள். சீனி இல்லை. உப்புப் போட்டிருந்தானோ என்னவோ. முழுவதையும் குடித்தாள்.

நாலு மணிக்கு வகுப்பு தொடங்கியது. ஒரு பையன் சமன்பாட்டைத் தப்பாகப் போட்டுவிட்டு, “மிஸ், எல்லாமே தப்பா?” என்றான். “எல்லாம் இல்ல. மேலேயிருந்து வா, முதல் தப்பு எங்கன்னு மட்டும் பாரு” என்றாள். தன் குரலில் இருந்த உறுதி அவளுக்குப் புதிதாகக் கேட்டது. வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்மணி முடிவில் சொன்னார்: “திங்கள்கிழமையிலிருந்து தொடங்கிடுங்க மேடம்.”

விளக்கு வைக்கிற நேரத்தில் பட்டன் போன் அடித்தது. இப்போதும் மேளம்தான்.

“மதினி, ஒண்ணும் தொடலைல்லா?”

“தொட்டேன் தம்பி. வைஃபை வந்துட்டு. கிளாஸும் எடுத்து முடிச்சுட்டேன்.”

மேளத்தையும் மீறிக் காளியின் குரல் உயர்ந்தது. “அந்தப் பழைய டிரைவரு புதுக் கெர்னல்ல ஓடாதே மதினி! எப்படிச் செஞ்சிய? ஊர்ல பாதிப் பேரு மெஷின்ல நான் அதைத்தான் போட்டு வச்சிருக்கேன். நாளைக்கு அப்டேட் போட்டுட்டு எல்லாரும் கடை வாசல்ல வந்து நிப்பாவளே!”

ஜெயசித்ரா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“பெயிண்டைக் கழுவிட்டு வாங்க. உக்காந்து சொல்லித்தாரேன். டீ உங்க அண்ணாச்சி போடுவாவ.”